என் தாடை எதிரணிக்குப் போட்ட ஓட்டு

அநியாயம் நடந்தது எனக்குத்தாங்கக்கா. கோலியனூர் கலைப்பிரியா, எம்.ஏ. ரெண்டாவது வருஷம், பட்டிமன்ற மேடையில பதில் சொல்ல வக்கில்லாம வாயடைச்சு நின்னான்னு திண்டிவனத்துல ஒரு நடுவரு ஊரக் கூட்டி வெச்சு தீர்ப்பு சொல்லிட்டாரு. அந்தக் கலைப்பிரியா நான்தான். ஆனா நான் வாயடைச்சு நிக்கலக்கா. என் வாயி பூட்டிக்கிச்சு. ரெண்டும் ஒண்ணா? நீங்களே சொல்லுங்க.

இல்ல இல்ல, இப்ப சொல்ல வேணாம். வாய் நெறைய வெத்தல வெச்சிருக்கீங்க. ஐயய்யோ, துப்பவும் வேணாங்க்கா, ப்ளீஸ்! ஜன்னலோரம் நீங்க, காத்து திரும்பி அடிக்கிற பக்கம் நான். இந்தப் பொடவ எங்கம்மாவோடது, இன்னிக்கு மேடைக்குன்னு கட்டிக்கினு வர்றேன். திண்டிவனம் வரைக்கும் அடக்கிக்கினு வாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்.

ஆங். அப்படித்தான்.

தலைப்பு என்னன்னா, 'குடும்பத்தைக் கட்டிக்காப்பது பேச்சா, பொறுமையா?' நான் பேச்சு. எதிரணியில நெடுஞ்செழியன்னு ஒருத்தன், எங்க கிளாஸுதான். கேண்டீன்ல டீ சொல்லும்போது சாதாரணமாத்தான் இருப்பான். மைக்கக் கண்டா கொரலு பாகு மாதிரி ஆயிடும். அன்னிக்கு என்ன பேசுனான் தெரியுமா? "அவையோரே! என் தாயை எண்ணிப் பார்க்கிறேன். அப்பா கத்தினால் அம்மா பேசமாட்டார். நான் கத்தினாலும் அம்மா பேசமாட்டார். அந்தப் பொறுமையின் மேல்தான் எங்கள் வீட்டுக் கூரை நிற்கிறது!" முன்வரிசையில ஒரு பெரியவரு கண்ணத் தொடச்சுக்கிறாரு. கைதட்டல்னா கைதட்டல், அப்படி ஒரு கைதட்டல்.

எனக்குப் பத்திக்கினு வந்துச்சுக்கா. டேய், அந்தம்மா பேசாம இருந்தது பொறுமையாடா? அப்பனும் கத்தறாரு, நீயும் கத்தற, நடுவுல அந்தம்மா எந்த சந்துல பூந்து பேசும்? ஒருத்தி பேசாம இருக்கான்னா பொறுமையா இருக்கான்னு அர்த்தமா? கேக்க ஆளில்லன்னு அர்த்தம்! இதுதான் என் பதிலு. எப்படி? ஒரே அடி. அவன் பேசுற நேரம் பூரா இத நெஞ்சுக்குள்ள தீட்டிக்கினே உக்காந்திருந்தேன். கடைசியில பதில் சொல்ல ஆளுக்கு மூணு நிமிஷம். எழுந்தேன். மைக்கப் புடிச்சேன். வாயத் தொறந்தேன்.

டக்.

காதுக்கு முன்னால, இதோ இந்த எடத்துல. வாயி ஒரு வெரல் அளவுக்குத் தொறந்துச்சு, அதோட நின்னுபோச்சு. மேல தள்ளுனாலும் போகல, கீழ இழுத்தாலும் வரல. துருப்புடிச்ச கேட்டு மாதிரி. வலி மண்டைக்கு ஏறுது. 'அவையோரே'ன்னு சொன்னா 'அழயோழே'ன்னு வருது. அத மைக்குல வேற சொல்லித் தொலச்சேன். பின்வரிசைப் பசங்க விசிலடிச்சானுங்க. அப்புறம் நான் பேசவே இல்ல, முழிச்சிக்கினு நின்னேன். மூணு நிமிஷம் முடிஞ்சுபோச்சுன்னு மணி அடிச்சுட்டாங்க.

நடுவரு தாண்டவராயன் ஐயா. ரிட்டையர்டு தமிழ் வாத்தியாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சு, திரும்ப மாட்டிக்கினு சொல்றாரு: "பேச்சே பெரிதென்று வாதாட வந்த தங்கை, பதிலுக்கு நேரம் வந்தபோது பொறுமை காத்து நின்றார். இதைவிடச் சான்று வேண்டுமா? பொறுமையே வென்றது!"

கேட்டீங்களா கதைய? என் தாடையே எதிரணிக்கு ஓட்டு போட்டுடுச்சாம்!

அவன் சும்மா இருந்தானா? எங்க பட்டிமன்ற வாட்ஸப் குரூப்புல, வாய்க்கு ஜிப்பு போட்ட ஒரு மஞ்ச பொம்ம. அவ்ளோதான், ஒரு வார்த்த இல்ல. அதுக்கு நாப்பது பேரு சிரிக்கிறானுங்க. நான் அந்த நிமிஷமே குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன். அவங்க என்ன பேசிக்கினா எனக்கென்ன? எனக்கு அவங்க விஷயம் ஒண்ணும் தெரிய வேணாம்.

இருங்கக்கா, போனு. எங்கம்மாதான்... அலோ. அம்மா, டாக்டரம்மா என்ன சொல்லியிருக்காங்க? தேவையில்லாம பேசக் கூடாதுன்னுதான? தாடைக்கு ரெஸ்டு குடுக்கணும்மா. ஆங், ஆங், நடுவரு ஐயாவா? அவரத்தான் நேர்ல பாக்கப் போறேனே. வெய்யி, வெய்யி.

பாருங்க, பஸ்ஸு விழுப்புரம் தாண்டல, அதுக்குள்ள போனு. சாப்டியா, தண்ணி எடுத்துக்கினியான்னு கேக்கத்தான் பண்ணியிருப்பாங்க. நாம எங்க இருந்தோம்? ஆங், டக்.

அந்த டக்கு ஒண்ணும் புதுசில்லக்கா. ஒரு வருஷமாவே கொட்டாவி விட்டா டக்கு, முறுக்கு கடிச்சா டக்கு. எனக்கு அது பெருமையா இருந்துச்சு, அதான் கூத்து! கிளாஸுல கவிதான்னு ஒருத்தி, அவ காதுகிட்ட போயி வேணும்னே டக்கு டக்குன்னு விட்டுக் காட்டுவேன், அலறிக்கினு ஓடுவா. அப்புறம் காதுக்குள்ள குடையற மாதிரி வலி வந்துச்சு. எங்கம்மா காதுல எண்ணெய காய்ச்சி ஊத்துனாங்க. அடங்கல. காது டாக்டர்கிட்ட போனேன். லைட்டு போட்டுப் பாத்துட்டு, "காது சுத்தமா இருக்கும்மா, நீ போயி பல் டாக்டரப் பாரு"ன்றாரு. சார், வலிக்கிறது காது, நான் எதுக்குப் பல்லக் காட்டணும்னு கேட்டேன். அது என்ன ஞாயம், தபால் ஆபீஸ்ல போயி ரேஷன் அரிசி கேளுன்ற மாதிரி! அவரு வெளிய நிக்கிற அடுத்த ஆள கூப்புட்டாரு. வாதம் பண்ண வராதவங்க இப்படித்தான் தப்பிச்சுக்குவாங்க. நானும் பல் டாக்டர்கிட்ட போகல. மேடையில பூட்டிக்கினு நின்ன அப்புறந்தான் போனேன். பூட்டு அன்னிக்கு ராவுக்கே தானா வுட்டுடுச்சு, ஆனா பயம் வுடல பாருங்க.

விழுப்புரத்துல டாக்டர் அன்புச்செல்வின்னு. சின்ன கிளினிக்குதான். உள்ள போன ஒடனே, "மூணு வெரல அடுக்கி வாய்க்குள்ள விடு"ன்னாங்க. ரெண்டுக்கு மேல போகல. காதுக்கு முன்னால வெரல வெச்சு, தொற, மூடு, தொற, மூடுன்னாங்க. அப்புறம் சொன்னாங்க: கீழ்த்தாட மண்ட எலும்போட சேர்ற மூட்டு காதுக்கு ஒட்டினாப்புல இருக்குதாம். அதான் காதுவலி மாதிரி தெரியுதாம். ரெண்டு எலும்புக்கும் நடுவுல சின்னதா மெத்த மாதிரி ஒண்ணு இருக்குதாம். அது எடம் நழுவுனா டக்கு. நழுவுனது திரும்ப எடத்துக்கு வரலன்னா பூட்டு. காது டாக்டரு சொன்னது சரியாப் போச்சு. அதுக்காக அவரு வெளக்கம் சொல்லாதது சரியாயிடுமா? ஆவாது.

நான் பயந்துட்டேன். ஆபரேசனா டாக்டர்னு கேட்டேன். அதெல்லாம் ஒண்ணும் வேணாம்னு சிரிச்சாங்க. பல்லுக்கு மேல மாட்டிக்கிற மாதிரி கண்ணாடியாட்டம் ஒரு பிளேட்டு, தூங்கும்போது போட்டுக்கணும். வெந்நி ஒத்தடம். மெதுவா வாய தொறந்து மூடுற பயிற்சி. கொஞ்ச நாளைக்கு மெத்து மெத்துன்னு சாப்பாடு. கரும்பு கூடாது, வேர்க்கடல கூடாது, அதான் நம்ம மல்லாட்ட. எங்கக்கா போறது? எங்க மாமன் வீடு திருவெண்ணெய்நல்லூரு, கரும்புக் காட்டு நடுவுலயே வீடு. எங்க வீட்டுல தை மாசம் மூட்ட மூட்டயா மல்லாட்ட. எல்லாரும் உரிச்சு உரிச்சு வாயில போட்டுக்கினு இருக்காங்க, நான் மட்டும் கேப்பக்கூழ கரண்டியில ஊத்திக்கினு உக்காந்திருக்கேன். பேஜாருன்னா பேஜாரு.

நீங்க ஒரு பக்கமாவே மெல்றீங்களேக்கா, இடது பக்கம் மட்டும். அது கூடாதாம். மாத்தி மாத்தி மெல்லணுமாம். ஆமா... தலைய ஏன் அப்படி வேகமா ஆட்டுறீங்க? உங்களுக்கும் வலிக்குதா? தோ பாருங்க, விக்கிரவாண்டி டோல்கேட்டு. நிப்பாட்டினாலும் தலைய வெளிய நீட்டாதீங்க, பக்கத்துல லாரிக்காரன் உரசிக்கினு போவான்.

எங்க விட்டேன்? பிளேட்டு. அது செய்யறதுக்கு பல்லு அளவு எடுக்கணும். ஒரு தட்டுல சிமெண்டு கொழச்ச மாதிரி ரோஸ் கலர்ல ஒரு மாவு. அத அப்படியே வாய்க்குள்ள வெச்சு, "ஆடாம இரு, பேசாத, பல்ல அழுத்தாத"ன்னாங்க. வாய்க்குள்ள மாவு, கையில எச்சில் ஏந்துற டம்ளரு. அந்த நேரம் பாத்து டாக்டரம்மா பேச்சு குடுக்கறாங்க. "பட்டிமன்றம்லாம் எதுக்கும்மா, கடைசியில எல்லாரும் சொல்றதையேதான் எல்லாரும் சொல்றாங்க"ன்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பதில் தொண்ட வரைக்கும் வந்து நிக்குது, வாயில மாவு. அவங்க மேல மேல பேசிக்கினே போறாங்க. அப்புறம் தட்ட வெளிய எடுத்துப் பாத்துட்டு, சிரி சிரின்னு சிரிக்கிறாங்க.

"இங்க பாரு"ன்னு காட்டுனாங்க. மாவத் தாண்டி, தட்டுலயே என் பல்லு போயி பதிஞ்சிருக்குது. "நான் பேச ஆரம்பிச்சதும் உன் தாட இறுகிடுச்சு. கன்னத்துல கட்டி மாதிரி பொடச்சிக்கினு நின்னுச்சு. உன் பல்லு நுனியெல்லாம் தேஞ்சு மழுங்கியிருக்கு. நீ பேசறதால உன் தாட கெடலம்மா. பேசறதுக்கு உன் தாடைக்கு வலு இருக்கு. அடுத்தவங்க பேசும்போது, எப்ப முடிப்பாங்கன்னு பல்லக் கடிச்சிக்கினு உக்காந்திருக்க பாரு, அதுலதான் கெட்டுது"ன்னுட்டாங்க.

இது எனக்கு நடந்த ரெண்டாவது அநியாயம்! ஒரு படிச்ச டாக்டரு, ஒரு நோயாளியப் பாத்து, உனக்குக் கேக்கத் தெரியலன்றதா? நான் ஒத்துக்கல. நான் நல்லாவே கேப்பேன் டாக்டர், யாரு பேசுனாலும் முழுசாக் கேட்டுட்டுத்தான்...

ஐயோ, திரும்பவும் அம்மா. அலோ, என்னம்மா? ...விழுப்புரத்துலயா? நீ எதுக்கும்மா விழுப்புரம் வந்த? அங்க என்னா சத்தம், மைக்செட்டு மாதிரி? யாரு வீட்டுக் கல்யாணம்? சரி சரி, எதுவா இருந்தாலும் சாயங்காலம் சொல்லு. எனக்கு வாயி வலிக்குது, டாக்டரு பேசக் கூடாதுன்னுட்டாங்க.

...முழுசாக் கேட்டுட்டுத்தான் பேசுவேன்னு சொன்னேன். டாக்டரம்மா சிரிச்சிக்கினே, "அப்ப ஒண்ணு பண்ணு. யாராவது பேசும்போது உதட்ட மட்டும் சேத்து வை. பல்லு மேலயும் கீழயும் ஒண்ணோட ஒண்ணு படக் கூடாது. நாக்கு நுனிய 'ன' சொல்ற எடத்துல வெச்சுக்க"ன்னாங்க. எந்த 'ன' டாக்டர், தமிழ்ல மூணு இருக்குதேன்னேன். "ரெண்டு சுழி. வாதத்த நிறுத்திட்டு நாக்க வை"ன்னாங்க. வெச்சுப் பாத்தேன். உண்மையிலயே பல்லு தானா விலகிக்கிது. நல்லாத்தான் இருக்குது. அத ஏன் இல்லன்னு சொல்லணும்? ஒரு மாசமா பிளேட்டு போட்டுக்கினு தூங்கறேன், காலையில வர்ற தலவலி போச்சு. முந்தாநாள் போனப்ப மூணு வெரலும் அடுக்கா உள்ள போச்சு. டாக்டரம்மாவுக்கே சந்தோஷம். அவங்க வைத்தியத்துல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அவங்க கருத்துலதான் கொற.

அப்புறம்தான் தாண்டவராயன் ஐயாவுக்குப் போன் போட்டேன். என் போன்ல சார்ஜ் இல்ல, எங்கம்மா போன்லேர்ந்து. "ஐயா, அன்னிக்கு நான் காத்தது பொறுமை இல்ல. மூட்டு நழுவிடுச்சு. டாக்டரே சொல்லிட்டாங்க. பூட்டிக்கிட்ட வாய வெச்சு நீங்க தீர்ப்பு சொன்னது செல்லாது. என் மூணு நிமிஷத்த எனக்குத் திருப்பிக் குடுங்க"ன்னேன். மனுஷன் நல்லவருக்கா. "இருபது வருஷமா நடுவரா இருக்கேன், தாட எலும்ப நான் கணக்குல எடுத்ததில்லம்மா. சனிக்கிழமை மன்றத்தோட ஆண்டு விழா. நெடுஞ்செழியன் அந்தக் கடைசிப் பேச்ச திரும்பப் பேசட்டும். நீ பதில் சொல்லு. தீர்ப்ப திரும்பச் சொல்றேன்"ன்னுட்டாரு.

அந்த சனிக்கிழமைதான் இன்னிக்கி. பதினோரு மணிக்கு, திண்டிவனத்துல.

எனக்கு பயம் என் பேச்சப் பத்தி இல்லக்கா. அது தயாரா இருக்குது, கண்ண மூடிக்கினு சொல்வேன். பயம் என்னன்னா, அதுக்கு முன்னால அவன் பேசுவான். அந்தத் தேன் கொரல்ல, அந்தக் கூரைய, அந்தத் தாய, திரும்பவும். அத நான் உக்காந்து கேட்டாகணும். பல்லக் கடிச்சேன்னா போச்சு, பழைய குருடி. திரும்பப் பூட்டிக்கினா? திண்டிவனம் பூரா என்ன நெனைக்கும்? கலைப்பிரியாகிட்ட பதிலே இல்லன்னு முடிஞ்சிடும். எனக்குப் பதில் இருக்குக்கா! ரெண்டு மாசமா வயித்துக்குள்ள வெச்சிக்கினு திரியறேன்.

அதனால நாக்க 'ன'வுல வெச்சுப் பழகிக்கினு இருக்கேன். வீட்டுல அம்மா பேசும்போது பழகலாம்னு பாத்தேன். எங்கம்மா எங்க பேசறாங்க? அவங்களுக்கு அவ்வளவா பேச்சு வராதுக்கா. பாவம், ரொம்ப அமைதி. எப்பயாவது, "கலை, ஒரு விஷயம்..."ன்னு ஆரம்பிப்பாங்க. நான் அது என்ன விஷயம்னு முன்னாடியே புரிஞ்சிக்கினு பதில் சொல்லிடுவேன். அதோட சரி.

மேம்பாலம் வந்துடுச்சு. சிக்னல்ல பஸ்ஸு நிக்கிது, ஜல்தியா இப்ப துப்பிக்குங்க. இருங்க, பொடவய மடிச்சுக்கறேன்... ம், ஆச்சா? அப்பாடா. இப்ப தைரியமா சொல்லுங்கக்கா. என் பக்கம்தான ஞாயம்? வழி பூரா தலையாட்டிக்கினு வந்தீங்களே.

என்னது?

அது 'ஆமா' இல்லியா? ரோடு பள்ளத்துக்குத் தானா ஆடுச்சா? சரி, விக்கிரவாண்டியில ஆட்டுனீங்களே? ...துப்பணும்னு ஜாட காட்டுனீங்களா! அக்கா, அத நீங்க வாயத் தொறந்து சொல்ல... ஆமால்ல, எப்படிச் சொல்வீங்க. சரி, அத விடுங்க. வாதத்தப் பத்திச் சொல்லுங்க.

யாரு பேசுனது? நெடுஞ்செழியனா? அவன் பேச்சுலதான் ஞாயம் இருக்குதா? நீங்க ஒரு மணி நேரமா வாய மூடிக்கினு வந்ததாலதான் இந்த சீட்டுல சண்ட இல்லாம வந்தமா? அக்கா! அது பொறுமை இல்லக்கா, அது நான் சொல்லி... அதுவும் நீங்க ஒரு பொம்பளையா இருந்துக்கினு அவன் பக்கம்...

டக்.

அ...க்கா. பூ...ட்டிக்...

ம்ம்! ம்ம்ம்!

ம்? ஆங்... ன். ன்ன்.

...போ...னு. அம்...மா.

ம்.

ம்.

ம்ம்?

ம்ம்ம்?!

...

ம்.

...

ம்.

...டக்.

அக்கா! தொறந்துடுச்சுக்கா. பாருங்க... ஒண்ணு, ரெண்டு, மூணு வெரலும் போவுது. நாக்க 'ன'வுல வெச்சிக்கினு கேட்டுக்கினே இருந்தேனா, அதுவா தொறந்துடுச்சு! எறங்காதீங்கக்கா, ஒரு நிமிஷம், பைய நான் தூக்கிக்கினு வர்றேன், இத மட்டும் கேட்டுட்டுப் போங்க.

திண்டிவனம் மண்டபத்துல இன்னிக்குப் பூரா கரண்டு கட்டாம். விழாவ விழுப்புரத்துக்கு மாத்தி, ஒரு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்களாம். எங்க தெரியுமா? பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல இருக்கற மண்டபம். நான் இந்த பஸ்ஸுக்காக நின்னுக்கினு இருந்தேனே, அதுக்கு நேர் எதிர்ல! குரூப்புல போட்டிருக்காங்க. நான்தான் குரூப்புல இல்லியே. நடுவரு ஐயா அம்மா நம்பருக்குப் போன் பண்ணியிருக்காரு. மொத தடவ அம்மா கூப்புட்டது அதச் சொல்லத்தான். நான் வெச்சுட்டேன். நான் திண்டிவனம் பஸ்ஸு ஏறிட்டேன்னு ஐயாகிட்ட சொல்றதுக்கு அம்மாவே ஷேர் ஆட்டோ புடிச்சு மண்டபத்துக்குப் போயிருக்காங்க. ரெண்டாவது தடவ அங்கேர்ந்து கூப்புட்டாங்க. அதான் அந்த மைக்செட்டு சத்தம். அதையும் வெச்சுட்டேன்.

நெடுஞ்செழியன் பேசிட்டானாம். தாய், கூரை, எல்லாம். பதிலுக்கு மூணு நிமிஷம் காலியாக் கெடக்குது. நடுவரு ஐயா பாத்திருக்காரு, "பொண்ணோட அம்மா வந்திருக்காங்களே, அவங்க சொல்லட்டும்"ன்னு மைக்க எங்கம்மா கையில குடுத்துட்டாரு. எங்கம்மாகிட்டக்கா! மைக்கத் தொட்டதே இல்ல. ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாங்களாம். மண்டபமே எழுந்து நின்னு சிரிக்குதாம், நெடுஞ்செழியனும் சேந்து கைதட்டறானாம். நடுவரு ஐயா அங்கயே தீர்ப்ப மாத்திட்டாரு. எங்க அணிதான் ஜெயிச்சுது. பேச்சுதான் ஜெயிச்சுது!

என்ன சொன்னாங்களா? நானும் அதத்தாங்கக்கா கேட்டேன். "பொறுமை எங்க இருக்குது தம்பி? எம்பொண்ணு எப்ப மூச்சு வாங்குவான்னு பாத்துக்கினு இருக்கேன், அவ்ளோதான்"னாங்களாம்.